கனக்கச் சிரியாதை

எங்கள் வீட்டில் சிரிப்புக்கு ஓர் அளவு இருந்தது. பிள்ளைகள் நாங்கள் விறாந்தையில் உருண்டு பிரண்டு சிரித்தால் அடுப்படியிலிருந்து அம்மம்மாவின் குரல் வரும்: "கனக்கச் சிரியாதையுங்கோ, பிறகு அழப்போறியள்." அதில் கோபம் இருக்காது. மழை இருட்டுது, கொடியில கிடக்கிற உடுப்பை எடு என்று சொல்கிற அதே குரல்தான்.

நான் அதை அதிகமாகக் கேட்டது 1996ஆம் ஆண்டு மாரியில். முந்தைய ஐப்பசியில் வலிகாமத்திலிருந்து இடம்பெயர்ந்த உறவினர் சிலர் தென்மராட்சியில் இருந்து, பிறகு வன்னிக்கு வந்து, முள்ளியவளையில் எங்கள் வளவில் ஒரு கொட்டில் போட்டிருந்தார்கள். அவர்களோடு ஒரு மாமாவும், அவரோடு ஒரு கசெற் றெக்கோடரும் வந்தன. மின்சாரம் இல்லை. பற்றரி பொருளாதாரத் தடைப் பட்டியலில் இருந்தது. இரவில் வெளிச்சத்துக்கு ஜாம் போத்தலில் திரி போட்ட விளக்கு. பாட்டுக்கு மட்டும் மாமா வழி கண்டுபிடித்திருந்தார். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவிலிருந்து வயர் இழுத்தால் கசெற் ஓடும். இதை அவர் மட்டும் கண்டுபிடிக்கவில்லை. அந்தக் காலத்தில் வடக்கில் பாதி வீடுகளில் சைக்கிளுக்கு இதுவே இரண்டாவது உத்தியோகம்.

ஒருவர் சுற்ற, மற்றவர்கள் கேட்க வேண்டும். கை சோர்ந்தால் எஸ்.பி.பி.யின் குரல் இறங்கி இறங்கி, இருமல் பிடித்த கிழவனின் குரலாகிவிடும். மாமா பதறிப்போய் வேகமாகச் சுற்றுவார். இப்போது அதே எஸ்.பி.பி. அணில் கத்துவது போலக் கீச்சிடுவார். காதல் பாட்டு, வெளியே மழை, கிழவனும் அணிலும் மாறி மாறிக் காதலிக்கிறார்கள். நாங்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்போம். அப்போதுதான் அந்தக் குரல் வரும்.

சிரிப்பு ஒரு கடன், அழுது அடைக்கவேண்டும் என்பது அதன் கணக்கு. இதைச் சொல்லாத தமிழ் வீடு குறைவு. நாற்பதைத் தாண்டிய பிறகும் அந்தக் கணக்கு என்னை விட்டுப் போகவில்லை. ஒரு நல்ல சாப்பாடு, ஒரு நல்ல பாட்டு, தகரக் கூரையில் நல்ல மழை. மூன்றும் ஒன்றாகக் கிடைத்தால், சற்று நேரத்தில் உள்ளே ஏதோ ஒன்று நிமிர்ந்து உட்கார்ந்து கேட்கும்: இதுக்கு என்ன வரப்போகுதோ?

பெரும்பாலும் ஐப்பசியில்தான் இந்தக் கேள்வி எழும்பும். அந்த மாதத்தில் எங்கள் பக்கத்தில் இன்பம் கேட்காமலே வந்து சேர்ந்துவிடும்.

ரொறன்ரோவிலிருந்து மச்சாள் ஒக்டோபரில் சிவந்த இலைகளைப் படமெடுத்து அனுப்புவாள். இலையுதிர் காலம். நாங்களும் பள்ளிப் புத்தகத்தில் அதைப் படித்து, சோதனையில் எழுதி, புள்ளி வாங்கியிருக்கிறோம், ஒருநாளும் காணாமல். இங்கே தேக்கு இலை கொட்டுவது வெயில் காலத்தில். அவளுக்கு இலை உதிரும் மாதத்தில் எனக்குப் புழுதியில் விதைத்த நெல் முளைத்து வயல் பச்சை பிடிக்கும். பழைய தமிழில் ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர் காலம். அந்தச் சொல் எங்கள் வாயில் இப்போது இல்லை, மாரி என்றுதான் சொல்வோம். ஆண்டு மழையின் பெரும்பங்கு ஐப்பசிக்கும் மார்கழிக்கும் இடையில் கொட்டித் தீர்ந்துவிடும்.

சோளகம் ஓய்ந்து வாடை எழும்பினால் முல்லைத்தீவுக் கடல் இரையத் தொடங்கும். கரைவலைகளைச் சுருட்டிக் கரையில் ஏற்றிவிடுவார்கள். வள்ளங்கள் மேட்டுக்குப் போகும். வயலிலோ காலபோகம் விதைத்தாயிற்று. களை எழும்பும்வரை வரம்பில் நின்று பார்க்கலாம், வேறொன்றும் பெரிதாய்ச் செய்யமுடியாது. கடலும் வயலும் ஒரே நேரத்தில் "வீட்டில் இரு" என்று சொல்கிற சில வாரங்கள் இவை. இவற்றை யாரும் விடுமுறை என்று சொல்வதில்லை, கையில் காசு இல்லாத காலம் என்றுதான் சொல்வார்கள். அதுவும் உண்மை. ஆனால் காசில்லாத அந்த வாரங்களில்தான் வாய்க்கும் காதுக்கும் வேலை வந்தது.

வாய்க்கு முதலில் வருவது இலை. முதல் மழைக்குத் தகரை முளைக்கும். வேலியில் முசுட்டை கொடி விடும். கொழுந்து ஆய்ந்து, சின்ன வெங்காயமும் தேங்காய்ப்பூவும் போட்டு அம்மா செய்யும் முசுட்டை வறை சோற்றைவிட அதிகமாக இலையில் இருக்கும். சந்தையில் விலைக்கு வாங்கியது அந்த ருசியைத் தந்ததில்லை. வேலியில் நானே பிடுங்கினேன் என்ற பெருமையும் உப்போடு சேரவேண்டும் போலிருக்கிறது.

பிறகு கூழ். மாசி, பங்குனி வெயிலில் காய்ந்த ஒடியலை இடித்து அரித்து வைத்த மா, மழைக்காலத்துக்காகவே பானையில் காத்திருக்கும். காறல் போக அதைத் தண்ணீரில் ஊறவிட்டு, மேலே தெளிந்த நீரை வடித்து, திரும்ப ஊறவிட வேண்டும். அதற்குள் பெரிய சட்டியில் ஒரு கைபிடி அரிசி, மரவள்ளிக் கிழங்கு, பலாக்கொட்டை, பயற்றங்காய் எல்லாம் அவிய, மீனும் நண்டும் இறாலும் அதற்குள் இறங்கும். செத்தல் மிளகாயை அரைத்துப் பழப்புளியோடு மாவைக் கரைத்து விட்டால் சட்டி தடித்து, கொப்புளம் விட்டுப் பேசத் தொடங்கும். கடைசியில் முருங்கையிலை. பலா இலையைக் கோலி ஈர்க்குக் குத்தி அள்ளிக் குடிக்கவேண்டும். மூக்கும் கண்ணும் ஓடாவிட்டால் அது கூழ் இல்லை.

இறால் நந்திக்கடல் இறாலாக இருந்தால் யாரும் பேசமாட்டார்கள், குடித்துக்கொண்டே இருப்பார்கள். நந்திக்கடல் என்றால் உலகத்துக்கு 2009 மே. எங்களுக்கு அதற்கு முன்னும் அது இறால், இப்போதும் இறால். இதை எழுதும்போதே கை கொஞ்சம் தயங்குகிறது. ஆனாலும் பொய் சொல்லவில்லை.

கூழை ஒருவருக்குக் காய்ச்ச முடியாது. சட்டியின் அளவே பத்துப் பேரைக் கேட்கும். அதனால் கூழ் வைக்கும் நாளில் அம்மம்மா வேலிக்கு மேலால் நாலு வீட்டுக்குக் குரல் கொடுப்பா. கனக்கச் சிரிக்கக்கூடாது என்று சொன்ன அதே அம்மம்மாதான் பத்துப் பேரைக் கூப்பிட்டு, நடுவில் இருந்து, ஊர்க்கதை சொல்லி அவர்களைச் சிரிக்க வைத்தா. தானும் சிரிப்பா, சத்தம் வராமல். தோள்மூட்டு இரண்டும் குலுங்கும். அவ்வளவுதான்.

அவவுக்கென்று ஒரு தனி இன்பமும் இருந்தது. சீனி யானை விலை விற்ற காலத்திலும் எங்கோ ஒரு பனங்கட்டித் துண்டை ஒளித்து வைத்திருப்பா. பின்னேரம் மழை கொஞ்சம் விட்டதும் திண்ணையில் காலை நீட்டி, பனங்கட்டியை ஒரு நுனி கடித்து, வெறுந் தேத்தண்ணியை ஒரு மிடறு உறிஞ்சி, கண்ணை மூடுவா. அந்த நேரம் அவவைக் கூப்பிடக் கூடாது. கூப்பிட்டாலும் கேளாது. வயல் வாய்க்காலில் தவளைகள் தொடங்கியிருக்கும், ஒன்று எடுத்துக் கொடுக்க ஆயிரம் பாட. அந்தக் கச்சேரிக்குச் சைக்கிள் சுற்றத் தேவையில்லை.

இப்போது யோசித்தால், அவ தடுத்தது சிரிப்பை இல்லை, "கனக்க" என்பதைத்தான் என்று தோன்றுகிறது. அந்த ஆண்டுகளில் எங்கள் ஒழுங்கையில் ஏதோ ஒரு வீட்டில் எப்போதும் செத்தவீடு இருந்தது. நாலு வேலி தாண்டிப் போகிற சிரிப்பு எந்த வீட்டு முற்றத்தில் போய் விழும் என்று அவவுக்குத் தெரியும். அந்த அளவில் அது நாகரிகம். இன்றைக்குக் கல்யாண மண்டபத்தில் ஆளுயர ஸ்பீக்கர்கள் நெஞ்சைக் குத்தும்போதும், விடியப்புறம் ஐந்து மணிக்கு ஒலிபெருக்கி சாமியையும் சேர்த்து எழுப்பும்போதும் அம்மம்மாவின் வசனத்தை நானே சொல்லிக்கொள்வேன். ஆனால் எங்கள் காதில் அது நாகரிகமாக விழவில்லை, கணக்காக விழுந்தது. பயமாகத் தங்கிவிட்டது.

கூதிரைப் பாடச் சங்கப் புலவர் நக்கீரருக்கு நெடுநல்வாடை முழுதும் தேவைப்பட்டது. அதில் எனக்குப் பிடித்த இடம் மிகச் சின்னது. குளிரில் யாழ் நரம்பு சுருதி மாறிவிடுகிறது. ஆடல் மகளிர் அதைத் தங்கள் நெஞ்சின் சூட்டில் அணைத்துச் சரிசெய்கிறார்கள். எங்கள் ஊரிலும் மாரியில் பறைத்தோல் ஈரம் குடித்துத் தொய்ந்துபோகும். கோயிலடியில் ஓலை கொளுத்தி, முகம் காட்டி, தட்டித் தட்டிப் பார்ப்பார்கள். மழைக்காலத்தில் இசை சும்மா கிடைப்பதில்லை. சூடு கொடுக்கவேண்டும், இல்லாவிட்டால் பெடல் சுற்றவேண்டும். நெடுநல்வாடை நகரத்து வீடுகளோடு நின்றுவிடவில்லை. அதே வாடையில், அரசன் பாசறையில் தூங்காமல், காற்றில் சாயும் விளக்கொளியில், காயப்பட்ட வீரர்களைப் பார்த்து நடந்துகொண்டிருக்கிறான். ஒரே இரவுதான். நகரத்துச் சிரிப்புக்காகப் பாசறையில் காயம் வந்தது என்று நக்கீரர் கணக்கு எழுதவில்லை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

எனக்கு அது புரிந்தது படித்தபோது இல்லை. 2009 ஓகஸ்ட் நடுப்பகுதியில், செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில். 200,000 பேருக்கு மேல் அடைபட்டிருந்த இடம். மாரிக்கு இன்னும் நாள் இருந்தும் மழை வந்தது. கூடாரங்களுக்குள் வெள்ளம். தறப்பாளில் மழை விழும் சத்தம் தகரத்தில் விழும் சத்தம் போன்றதல்ல. தகரம் பாடும், தறப்பாள் அடிக்கும். அந்த இரவுகளில் விழித்துக்கொண்டு கிடந்து நான் அம்மம்மாவின் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். எந்தச் சிரிப்புக்கு இது? கசெற் ஓடின அந்த மாரிக்கா? எல்லாக் கூழையும் எல்லாப் பாட்டையும் எடுத்துக் கூட்டினேன். தொகை பக்கத்தில்கூட வரவில்லை. முள்ளிவாய்க்கால் வரை நடந்தவர்களில் சிரித்தே பழகாத மனிதர்களும் இருந்தார்கள். அவர்களுக்கும் அதேதான் நடந்தது.

அந்த மழையின் இரண்டாவது நாளோ மூன்றாவது நாளோ, எங்கள் தறப்பாள் கூரை தண்ணீர் ஏந்திப் பிள்ளைத்தாய்ச்சி வயிறு போலத் தொங்கியது. அம்மா ஒரு தடியை எடுத்து உள்ளிருந்து ஒரு தள்ளு தள்ளினா. அவ்வளவு தண்ணீரும் மறுபக்கம் சரிந்து, இருந்த ஒரே காய்ந்த சாறத்தை அப்போதுதான் மாற்றிக்கொண்டு வெளியே வந்த பக்கத்துக் கூடாரத்து ஐயாவின் தலையில் ஊற்றியது. அவர் அசையாமல் நின்றார். சாறத்தைப் பார்த்தார். வானத்தைப் பார்த்தார். "பிள்ளை, சவுக்காரம் இருந்தா அதையும் தா" என்றார். அம்மா சிரிக்கத் தொடங்கினா. மாதக்கணக்கில் கேட்காத சத்தம். வரிசைக் கூடாரமெல்லாம் சிரித்தது. யாரும் தடுக்கவில்லை. தடுத்துச் சொல்ல அம்மம்மா இருக்கவில்லை.

ஊருக்குத் திரும்பிய பிறகு முசுட்டை முதலில் வந்தது. வேலி இல்லாத இடத்திலும் படர்ந்திருந்தது. இப்போது வீட்டுக்கு மின்சாரம் இருக்கிறது, மகளின் கைபேசியில் எந்தப் பாட்டும் இருக்கிறது. சத்தம் போதாவிட்டால் அதை ஒரு சட்டிக்குள் வைத்துவிடுகிறாள். எஸ்.பி.பி. ஒரே குரலில் கடைசிவரை பாடுகிறார். எனக்கு ஏனோ இடையில் கிழவன் வரவேண்டும் போலிருக்கிறது.

எங்கள் வேலிக்கு அடுத்த வீட்டு அக்காவின் மகன் அந்த மே மாதத்தோடு காணாமல்போனவன். காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவினர் 2017 முதல் தெருவோரக் கொட்டகையில் இருக்கத் தொடங்கியபோது அவவும் போனா, ஆண்டுக்கணக்காக. நல்லது நடக்கும் வீடுகளுக்குப் போகமாட்டா. கார்த்திகையில் விளக்கீட்டுக்குப் படலையடியில் சிட்டி விளக்கு ஏற்றுவா, காற்று அணைக்க அணைக்கத் திரும்ப ஏற்றுவா. அது கார்த்திகைக்கா மகனுக்கா என்று நாங்கள் கேட்டதில்லை. ஒருநாள் நான் தயங்கித் தயங்கிக் கேட்டேன், "அக்கா, அந்தக் கொட்டகைக்குள்ள நாள் முழுக்க என்ன செய்வியள்?"

"என்ன செய்யிறது? இருப்பம். அழுவம். ஆரும் ஒராள் பகிடி சொன்னா சிரிப்பம்." என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சேர்த்தா: "ஏன், சிரிக்கிறதெண்டா பிள்ளை திரும்பி வந்திருக்கவேணுமே?"

போன ஐப்பசியில், மூன்று நாள் விடாத மழைக்குப் பிறகு, நான் கூழ் வைத்தேன். அம்மா முதுமையில் அடுப்படிக்கு வரமாட்டா, கதிரையில் இருந்து கட்டளை இடுவா. மாவைக் கரைக்கும்போது மகள் சட்டிக்குள்ளிருந்து பாட்டை உயர்த்தினாள். என் கை வழக்கம்போல ஒருகணம் நின்றது: அக்காவுக்குக் கேட்குமே. வேலிக்கு மேலால் எட்டிக் கூப்பிட்டேன். அவ பலா இலையைத் தானே பிடுங்கிக்கொண்டு, தலையில் சீலைத் தலைப்பைப் போட்டுக்கொண்டு வந்தா. முதல் வாயை உறிஞ்சினா. மூக்கைத் துடைத்தா. "உப்புக் கூடிப்போச்சு. உன்ர அம்மம்மா இருந்திருந்தா இதைக் குடிக்க விட்டிருக்கமாட்டா" என்றா.

பிறகு இலையை நீட்டினா, இன்னும் ஊற்றச் சொல்லி.