மணமும் அறமும்

ஐம்புலன்களில் கதவில்லாத புலன்களுள் மூக்கும் ஒன்று. காண விரும்பாததைக் கண்டால் இமையை மூடிக்கொள்கிறோம். உண்ண விரும்பாததை விலக்கி வைக்கிறோம். மூச்சை மட்டும் நெடுநேரம் நிறுத்தி வைக்க எவராலும் இயலாது. ஆதலின் ஒருவர் தம் மேனியில் பூசிக்கொள்ளும் மணம் அவருக்கு மட்டும் உரியதாக நின்றுவிடுவதில்லை; அருகில் இருப்போர் அனைவரும் அதனைச் சுவாசித்தே ஆகவேண்டும். உடுக்கும் உடைக்கும் உண்ணும் உணவுக்கும் ஒழுக்கம் வகுத்த நாம், பூசும் மணத்திற்கு ஓர் ஒழுக்கம் உண்டா என்று எண்ணிப் பார்த்ததில்லை. நறுமணப் புட்டியில் அறம் எங்கிருந்து வந்தது என்று சிலர் நகைக்கலாம். ஆயினும் ஒரு மலரையும் அம்மலரிலிருந்து பிறந்த புதுமையான ஒரு நறுமணத்தையும் முன்வைத்து இக்கேள்வியைச் சிறிது ஆராய்வோம்.

குடியேறிய மலர்

அம்மலர் நமக்குப் புதியதன்று. தமிழகத்தில் நிலச்சம்பங்கி என்றும் சம்பங்கி என்றும் வழங்கும் வெண்மலரே அது. வடநாட்டில் அதற்கு ரஜனிகந்தா, அதாவது இரவில் மணப்பது, என்று பெயர். கன்னட நாட்டினர் அதனைச் சுகந்தராஜ என்று அழைக்கின்றனர். குண்டலுபேட்டைப் பூக்கடையில் 'சம்பங்கி' என்று கேட்கும் நம்மவருக்குக் கடைக்காரர் சண்பகத்தை எடுத்து நீட்டினால் வியப்பதற்கில்லை. கன்னடத்தில் 'சம்பிகெ' என்பது சண்பகத்தின் பெயர். பெயர் மாறினால் மலரே மாறிவிடும் என்பதை இவ்வூரில் குடியேறிய இல்லத்தரசியர் நன்கு அறிவர்.

இம்மலரும் நம்மைப் போலக் குடியேறியதே. இதன் தாயகம் மெக்சிகோ. ஸ்பானியர் அமெரிக்காவுக்குச் சென்ற பின்னரே இது பிற நாடுகளுக்குப் பரவிற்று. ஆகவே குறிஞ்சிப்பாட்டில் கபிலர் அடுக்கிய தொண்ணூற்றொன்பது மலர்களுள் இதற்கு இடமில்லை. எனினும் இன்று தமிழர் மணவிழா மாலையில் இது இல்லாத ஊர் அரிது. சத்தியமங்கலம் வட்டாரத்திலும், திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டையூசி வளைவுகளைக் கடந்தால் வரும் சாமராஜநகர் மாவட்டத்திலும் இது பயிராகிறது. பெங்களூரை அடுத்த எசரகட்டாவில் உள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் சிருங்கார், பிரஜ்வல் முதலான புதிய வகைகளை இம்மலரில் உருவாக்கி அளித்தது.

இதற்கு வியப்பான இயல்பு ஒன்று உண்டு. பறித்த பின்னும் இது மணத்தை உண்டாக்கிக்கொண்டே இருக்கும். பிரான்சு நாட்டின் கிராஸ் என்னும் ஊரில் நறுமணத் தொழில் செய்தோர் இவ்வியல்பை அறிந்து பயன்கொண்டனர். கண்ணாடித் தட்டில் மணமற்ற கொழுப்பைப் பூசி, அதன்மேல் மலர்களைப் பரப்பி, மலர் வெளியிடும் மணத்தைக் கொழுப்பு உறிஞ்சிக்கொள்ளுமாறு செய்தனர். மல்லிகை வகைக்கும் சம்பங்கிக்கும் இம்முறையே ஏற்றதாக இருந்தது.

மருந்து வாடையோடு தொடங்கும் மணம்

சம்பங்கியை முதன்மையாகக் கொண்ட நறுமணங்களுள் 1948-ஆம் ஆண்டில் ஜெர்மேன் செலியே என்னும் பெண்மணி உருவாக்கிய 'ஃப்ராகா' பெரும்புகழ் பெற்றது. வெண்ணெய் போன்ற குழைவும் இனிப்பும் நிறைந்தது அது. அதன்பின் வந்த சம்பங்கி மணங்கள் பலவும் அவ்வினிமையையே பின்பற்றின. 1999-ஆம் ஆண்டில் செர்ஜ் லூத்தான்ஸ் என்பவர் தம் பெயரால் வெளியிட்ட ஒரு நறுமணமோ வழக்கத்திற்கு மாறாக அமைந்தது. கிறிஸ்டோபர் ஷெல்ட்ரேக் என்பவர் அதனை உருவாக்கினார். அதற்கு இடப்பட்ட 'துபெரோஸ் கிரிமினெல்' என்னும் பிரெஞ்சுப் பெயருக்குக் குற்றவாளிச் சம்பங்கி என்று பொருள் கொள்ளலாம்.

பெயருக்கேற்ப அதன் தொடக்கம் கடுமையானது. புட்டியைத் திறந்து மணிக்கட்டில் தடவியவுடன் எழுவது மலர்மணம் அன்று. புதினாவும் கற்பூரமும் வலித்தைலமும் கலந்தாற்போன்ற ஒரு குளிர்ந்த, கூரிய நெடி. முதன்முறை முகர்வோர் தவறான புட்டியைத் திறந்துவிட்டோமோ என்று ஐயுறுவர். பொறுத்திருந்தால் அந்நெடி மெல்ல அடங்கி, அதனடியிலிருந்து மாலைப்பொழுதுச் சம்பங்கி முழுமையாக மலர்ந்து வரும். 2005-ஆம் ஆண்டில் தொமினிக் ரோப்பியோன் ஆக்கிய 'கார்னல் ஃபிளவர்' என்னும் சம்பங்கி மணமும் யூகலிப்டஸ் இலையின் குளிர்ச்சியோடுதான் தொடங்குகிறது.

இஃது எதனால் நிகழ்கிறது? நறுமணத்தில் கலந்துள்ள பொருள்களுள் எளிதில் ஆவியாவன முந்தி எழுந்து மறையும். எளிதில் ஆவியாகாதவை பிந்தி எழுந்து நெடுநேரம் தங்கும். தைல நெடிக்குக் காரணமான மெத்தில் சாலிசிலேட் விரைந்து ஆவியாகும் இனம். இப்பொருள் நமக்கு அயலானதன்று. குண்டலுபேட்டையிலிருந்து பந்திப்பூர்க் காட்டின் வழியே உதகைக்குச் செல்லும் சாலையில் எத்தனையோ முறை நாம் பயணம் செய்திருக்கிறோம். உதகைக் கடைகளில் யூகலிப்டஸ் தைலத்தோடு விற்கும் விண்டர்கிரீன் தைலம் பெரும்பாலும் இந்த மெத்தில் சாலிசிலேட்டே ஆகும். நீலகிரியில் விளையும் ஒரு புதரின் இலையிலிருந்து அது வடிக்கப்படுகிறது. முழங்கால் வலிக்கு நம் பாட்டிமார் தடவிக்கொண்ட அதே பொருள் பாரிசு நகரத்து நறுமணத்தின் முகப்பில் நிற்கிறது.

பொய்யா, மெய்யா?

இனிமை தருவதற்கென்றே உள்ள பொருள் கடுமையோடு தொடங்குவது முறையா? மலர் என்று சொல்லி மருந்தை நீட்டுவது ஏமாற்று அன்றோ? இவ்வாறு வினவுவோர் உண்டு. உண்மை இதற்கு நேர்மாறானது. மெத்தில் சாலிசிலேட் சம்பங்கி மலரிலேயே இயற்கையாக உள்ளது. மல்லிகையிலும் சம்பங்கியிலும் காணப்படும் இண்டோல் என்னும் மற்றொரு பொருள் மலத்திலும் உள்ளது. இவை சிறிதளவு கலந்திருப்பதனாலேயே மலரின் மணம் வெறும் சர்க்கரைப் பாகாக இராமல் உயிருள்ளதாக இருக்கிறது. மலர் தன்னுள் மறைத்து வைத்திருந்த ஒரு கூற்றை முன்னே கொணர்ந்து நிறுத்தியதே இந்நறுமணத்தை ஆக்கியோர் செய்த செயல். இனிமையை மட்டும் பிரித்தெடுத்துக் காட்டியவர்களைவிட இவர்கள் மலருக்கு நெருங்கியவர்கள் என்று கூறுவதில் தவறில்லை.

நம் மொழியின் வரலாறும் இவ்விடத்தில் நினைவுக்கு வருகிறது. நாற்றம் என்னும் சொல் பண்டைக் காலத்தில் நறுமணத்தையும் குறித்தது. இன்றோ அச்சொல்லைக் கேட்டாலே மூக்கைப் பொத்துகிறோம். நல்லதையும் அல்லதையும் ஒரே சொல்லால் குறித்த முன்னோர், மணம் என்பது ஒன்றே, அதன் அளவும் இடமும் காலமுமே அதனை நல்லதாகவும் தீயதாகவும் ஆக்குகின்றன என்று உணர்ந்திருந்தனர் போலும்.

அக்கடுமைக்கு இன்னொரு பொருளும் உண்டு. 1997-ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் ஆய்வு, நச்சுயிரியால் தாக்குண்ட புகையிலைச் செடி மெத்தில் சாலிசிலேட்டைக் காற்றில் வெளியிடுகிறது என்றும், அண்டையில் நிற்கும் செடிகள் அதனை ஏற்று நோயை எதிர்க்கும் ஆற்றலைத் தம்முள் எழுப்பிக்கொள்கின்றன என்றும் காட்டிற்று. நாம் நெடி என்று முகம் சுளிப்பது ஒரு செடி தன் அண்டைக்கு விடுக்கும் எச்சரிக்கையாகவும் இருக்கக்கூடும்.

எதிர்வாதம்

எனவே இம்மணம் மெய்யானது என்று கொள்வோம். மெய்யானது என்பதனாலேயே அதனைப் பிறர்மேல் திணிக்க நமக்கு உரிமை வந்துவிடுமா? இங்கேதான் உண்மையான சிக்கல் தோன்றுகிறது. ஜெர்மானிய மெய்யியலறிஞர் காண்ட் 1790-ஆம் ஆண்டில் வெளியிட்ட தம் நூலில், அக்கம்பக்கத்தாரைக் கேளாமலே அவர்கள் காதில் விழும் இசையை, பையிலிருந்து எடுக்கப்படும் நறுமணக் கைக்குட்டைக்கு ஒப்பிட்டார். கைக்குட்டையை எடுத்தவர் ஒருவர். முகர்ந்தே தீரவேண்டியவரோ சுற்றியிருப்போர் அனைவரும். அவர்களுடைய இசைவை எவரும் கேட்பதில்லை. இருநூறு ஆண்டுகளுக்கு மேலாகியும் இவ்வாதத்தின் வலிமை குன்றவில்லை. ஒரே அறையில் நாற்காலியோடு நாற்காலி ஒட்டி அமர்ந்து பணிபுரிவோரும், நின்றுகொண்டு பேருந்தில் செல்வோரும் இதனை நன்கு உணர்வர். மூச்சிரைப்பு நோயும் ஒற்றைத் தலைவலியும் உடையோர்க்கு இது துன்பமாகவே முடிவதுண்டு.

திருவள்ளுவர் அனிச்ச மலரை நினைவூட்டிய இடங்களுள் ஒன்று விருந்தோம்பல் அதிகாரம் என்பது கருதத்தக்கது. மலரின் மென்மையையும் விருந்தினர் மனத்தின் மென்மையையும் அவர் அருகருகே வைத்தார். வீட்டுக்கு வந்தவரின் முகத்தை நாம் பார்க்கும் பார்வையைக்கூட எண்ணிப் பார்க்கவேண்டும் என்பது அவ்வதிகாரத்தின் அறம். பார்வைக்கே இத்துணைக் கவனம் வேண்டுமாயின், மூச்சில் கலக்கும் பொருளுக்கு எவ்வளவு வேண்டும்!

இதில் மற்றுமோர் இடர் உண்டு. ஒரு மணத்தைத் தொடர்ந்து நுகரும் மூக்கு சிறிது நேரத்தில் அதற்குப் பழகி, அதனை உணராமலே போய்விடும். ஆதலின் பூசியவர் தம் மணம் போய்விட்டது என்று எண்ணி மேலும் பூசுவார். அருகிருப்பவரோ தாங்கமாட்டாமல் தவிப்பார். தன் மணத்தின் அளவை அறியும் ஆற்றல் ஒருவனுக்கு இயற்கையாகவே மறுக்கப்பட்டுள்ளது. அதனை அறிய வேண்டுமெனில் பிறரைக் கேட்டே ஆகவேண்டும்.

அளவும் தன்மையும்

இவ்விரு பக்கங்களையும் நோக்கும்போது ஒரு வேறுபாடு தெளிவாகிறது. எவ்வளவு பூசுவது என்பது ஒரு கேள்வி. எதனைப் பூசுவது என்பது வேறொரு கேள்வி. முன்னதில் பிறருக்கு முழு உரிமை உண்டு, பின்னதில் இல்லை. 'சற்றுக் குறைத்துக்கொள்ளுங்கள்' என்று அடுத்திருப்பவர் கேட்பாராயின் குறைப்பதே பண்பு. 'எல்லாரும் பூசுவதையே நீரும் பூசும். இஃது எமக்குப் பழக்கமில்லாதது' என்று கேட்பாராயின் அதற்கு இணங்கவேண்டிய கடமை எவருக்கும் இல்லை. முன்னது அடக்கம் கேட்பது. பின்னது மறைப்புக் கேட்பது. அடக்கமும் மறைப்பும் வெளித்தோற்றத்தில் ஒன்றுபோல் இருக்கும். அடக்கம் அடுத்தவர்மேல் கொண்ட அன்பினால் வருவது. மறைப்போ தன்னைப் பற்றிய நாணத்தினால் வருவது.

பிறமொழி நிலத்தில் வாழும் நம் குடும்பங்களுக்கு இவ்வேறுபாடு வெறும் தத்துவம் அன்று. வாடகை வீடு தேடும்போது, 'கருவாடு வறுப்பீர்களா?' என்னும் கேள்விக்கு விடை சொல்லாதவர் நம்முள் குறைவு. பெருங்காயமும் நல்லெண்ணெயும் சாம்பிராணியும் மணக்கும் வீட்டிலிருந்து பள்ளிக்குப் புறப்படும் சிறுமி, தெருமுனையில் நின்று தலைப்பூவை எடுத்துப் பைக்குள் ஒளித்துவைப்பதுண்டு. தாய் அதனை மாலையில் கசங்கிய நிலையில் காண்பாள். பூ மிகுதியாக இருந்தது, பின்னால் அமர்ந்த தோழிக்குத் தலைவலித்தது என்பதனால் அச்சிறுமி எடுத்திருந்தால் அவளைப் பாராட்டவேண்டும். தன் வீட்டு மணம் தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும் என்று அஞ்சி எடுத்திருந்தால், அவ்வச்சத்தைக் களைவது பெற்றோர் கடமை. இரண்டு வேளையிலும் பையில் கிடப்பது ஒரே பூதான். காரணத்தைக் கேட்டறியாத தாய் வாழ்த்தவும் இயலாது, தேற்றவும் இயலாது.

குடியேறியோர் விரைவில் ஏற்கப்பட விரும்புவது இயல்பு. அவ்விருப்பத்தினால் முதற்பார்வைக்கு இனியவற்றை மட்டும் முன்வைத்துப் பிறவற்றை ஒழித்துவிடுகிறோம். மெல்ல மெல்ல நம் வீடுகள் எவர் வீடும் போல் ஆகிவிடுகின்றன. பிள்ளைகளுக்கு எதனைக் கொடுத்தோம் என்று பின்னாளில் தேடும்போது கையில் ஒன்றும் அகப்படுவதில்லை.

முகர்வோர் கடன்

பூசுவோருக்கு அறம் உண்டெனில் முகர்வோருக்கும் அறம் உண்டு. அது பொறுத்திருத்தல். தொடக்க நெடியை முகர்ந்தவுடன் புட்டியை மூடியவர் சம்பங்கியை முகரவே இல்லை. அவர் சொல்லும் தீர்ப்பு தைலத்தைப் பற்றியதே அன்றி மலரைப் பற்றியதன்று. ஆயினும் ஒன்றை மறத்தலாகாது. 'பொறுத்திரு' என்று பிறருக்குக் கட்டளையிட நம்மால் இயலாது. நோயுற்றவரிடம் அவ்வாறு கேட்பது கொடுமையும் ஆகும். நம்மால் இயல்வது நாம் பொறுத்திருப்பதே. அடுத்த வீட்டில் கொதிக்கும் கொள்ளுச்சாற்றின் வாடையையும், வயநாட்டிலிருந்து வந்து குடியிருப்போர் சமைக்கும் மீனின் வாடையையும் நாம் எப்படி ஏற்றோம்? சன்னலைச் சாத்தினோமா, அன்றி ஒரு கிண்ணம் வாங்கிச் சுவைத்தோமா? நமக்கு வேண்டும் என்று விரும்பும் அவகாசத்தை முதலில் நாம் அளித்திருக்கிறோமா என்பதே நம்மை நாம் கேட்கத் தக்க கேள்வி.

மிகுதியான புகழுரையும் மிகுதியான இகழுரையும் இந்நறுமணத்திற்கு வேண்டியதில்லை. அதனை விரும்புவோர் பூசலாம்; விரும்பாதோர் விட்டுவிடலாம். பூசுவோர் ஒரு துளியோடு நிறுத்திக்கொள்வதும், கூட்டத்திற்குச் செல்லும் முன்னர்க் கடுமை அடங்கும் வரையில் வீட்டிலேயே சற்று இருப்பதும், 'இது மிகுதியாக இருக்கிறதா?' என்று இல்லத்தாரைக் கேட்டறிவதும் நன்று. மலரின் மணத்தையோ வீட்டின் மணத்தையோ பிள்ளைகளுக்கு அறிமுகம் செய்யும் பெரியோரும் இம்மூன்றையே கற்பிக்கலாம். எவ்வளவு சூடுவது என்று சொல்லிக்கொடுப்போம். சூடுவதை விட்டுவிடு என்று மட்டும் சொல்லாதிருப்போம்.