யாருக்காக எழுதப்பட்ட வாசகம்?

இலங்கையின் அரசியலமைப்பைப் பற்றிப் பேசுவோர் 1947, 1972, 1978 என்றே எண்ணுவது வழக்கம். கண்டியில் வாழும் எனக்கு அந்தக் கணக்கு 1815இல் தொடங்குகிறது. அவ்வாண்டு மார்ச் 2ஆம் திகதி, தலதா மாளிகையை அடுத்துள்ள மகுல் மடுவவில் பிரித்தானியருக்கும் கண்டிப் பிரதானிகளுக்கும் இடையிலான உடன்படிக்கை வாசிக்கப்பட்டது. பௌத்த மதம் மீறப்படலாகாதது, அதன் உரிமைகளும் வழிபாட்டிடங்களும் பேணப்படும் என்றது அதன் ஐந்தாம் வாசகம். மன்னனை இழந்த மக்களுக்கு அந்நிய ஆட்சியாளன் அளித்த வாக்குறுதி அது. ஊவாக் கிளர்ச்சியின்பின் வெளிவந்த 1818ஆம் ஆண்டுப் பிரகடனமோ பெரஹரக்களுக்கான மரியாதையையும் பிற மதத்தவரின் அமைதியான வழிபாட்டுக்கான பாதுகாப்பையும் ஒருசேரச் சொன்னது.

ஏறத்தாழ நூறு ஆண்டுகளின்பின் கம்பளையில் ஒரு பிணக்கு எழுந்தது. வல்லஹாகொட தேவாலயப் பெரஹர பள்ளிவாசலைக் கடக்கையில் வாத்தியங்களை நிறுத்த வேண்டுமா? தேவாலயத் தரப்பு 1815ஐ எடுத்துக்காட்டி வழக்காடியது. 1914இல் கண்டி மாவட்ட நீதிமன்றம் அவ்வாதத்தை ஏற்றது. 1915 பெப்ரவரியில் உயர் நீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றியது. அதே ஆண்டு மே இறுதியில் கண்டியில் மூண்ட கலவரம் பல மாகாணங்களுக்கும் பரவி, முஸ்லிம்களின் கடைகளையும் பள்ளிவாசல்களையும் அழித்தது.

ஐந்தாம் வாசகத்தில் ஓர் எழுத்தும் மாறியிருக்கவில்லை. ஆட்சியாளனைக் கட்டுப்படுத்த எழுதப்பட்டது, அயலவனுக்கு எதிராக வாசிக்கப்பட்டது. நமக்குச் சாதகமான தீர்ப்பும் அயலவரின் மனத்தாங்கலைத் தீர்க்கவில்லை.

பிந்திய யாப்புகளின் கதையும் இதுதான். 1947ஆம் ஆண்டு யாப்பின் 29(2) பிரிவு, எந்த மதத்தவருக்கும் தனிச்சலுகையோ பாதகமோ தரும் சட்டத்தைத் தடுத்தது. 1972இல் அது மறைந்து, பௌத்தத்துக்கு முதன்மை இடம் வந்தது. 1978ஆம் ஆண்டு யாப்பின் 9ஆம் உறுப்புரை, அந்த முதன்மையைச் சொல்லும் அதே வசனத்திலேயே எல்லா மதங்களின் உரிமைகளையும் உறுதிசெய்கிறது. 2018 மார்ச்சில் திகனவில் கடைகளும் பள்ளிவாசல்களும் எரிந்தபோது அந்த வசனம் முழுமையாக நடைமுறையில் இருந்தது. அதன் பாதியை மட்டும் வாசித்தவர்களுக்கு மறுபாதி கண்ணில் படவில்லை.

யாப்பு நம் எல்லோர் கையிலும் ஒப்படைக்கப்பட்ட அமானிதம் என்பேன். அமானிதத்தில் பிறர் பங்கையும் காப்பதே கடமை. எரித்தவனின் குற்றம் இதனால் ஒரு துளியும் குறையாது. ஆயினும் பெரும்பான்மையினர் நம் வழிபாட்டுரிமையைத் தம் பொறுப்பாகவும், நாம் 1815இல் ஒரு மக்களுக்கு இருந்த அச்சத்தை நியாயமானதாகவும் வாசிக்கப் பழக வேண்டும். அந்தப் பழக்கம் வராதவரை, நாளை எத்தனை அழகான யாப்பு எழுதப்பட்டாலும் கம்பளை வீதியின் கேள்வி தீராமலேயே இருக்கும்.