நிரூபிக்கச் சொன்னவர்கள்

பரந்தனிலிருந்து முல்லைத்தீவுக்குப் போகும் ஏ-35 வீதியில், கண்டாவளைப் பிரிவுக்குள் இருக்கிறது தருமபுரம். 1977ஆம், 1983ஆம் ஆண்டுக் கலவரங்கள் துரத்த மலையகத்திலிருந்து வன்னிக்கு வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் அங்கே வாழ்கிறார்கள். இதே வன்னியிலிருந்து வெளிநாடு போனவர்கள் லண்டனிலும் ஸ்காபரோவிலும் குடியுரிமைத் தேர்வுக்குப் படிக்கிறார்கள். பிரித்தானியாவில் 24 கேள்விகளில் 18 சரியாக வேண்டும். கனடாவில் 20இல் 15. புதிதாக வந்தவரைப் பரீட்சை வைத்துச் சேர்ப்பது நியாயமா?

நிபந்தனையோடு நியாயம்தான். வாக்களிக்கப் போகிறவர் அந்நாட்டின் சட்டத்தையும் மொழியையும் ஓரளவு அறிந்திருக்க வேண்டும் என்று கேட்பதில் குற்றமில்லை. ஆனால் கேட்பவர் கற்றும் கொடுக்க வேண்டும். கனடா புதிய குடியேறிகளுக்கு இலவச மொழி வகுப்பு நடத்திவிட்டே தேர்வு வைக்கிறது. அந்த ஏற்பாடு இல்லாத இடத்தில் தேர்வு வெறும் வடிகட்டி.

வடிகட்டி எப்படி வேலை செய்யும் என்பதை இலங்கை முன்பே காட்டிவிட்டது. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் மலையகத்தின் இந்திய வம்சாவளித் தோட்டத் தொழிலாளரை வெளியே நிறுத்தியது. மறு வருடம் வந்த இந்திய பாகிஸ்தானிய வதிவாளர் சட்டம் ஒரு சிறு கதவைத் திறந்தது: திருமணமானவருக்கு ஏழு வருடம், மற்றவருக்குப் பத்து வருடம் இடைவிடாத வதிவு, போதிய வருமானம், எல்லாவற்றுக்கும் ஆவணம். தாய்தகப்பனைப் பார்க்க இந்தியாவிலுள்ள ஊருக்குப் போய் ஒரு வருடத்துக்கு மேல் தங்கியிருந்தால் வதிவு அறுந்துவிடும். லயக் காம்பராவில் பிறந்தவரிடம் பத்திரம் எங்கே இருந்திருக்கும்? அவர் பறித்த கொழுந்தின் எடைக்குத் தோட்டத்தில் கணக்கு இருந்தது. அவர் இங்கே இருந்தார் என்பதற்கு அவரே சாட்சி தேட வேண்டியிருந்தது. சுமார் எட்டேகால் லட்சம் பேர் சார்பில் விண்ணப்பங்கள் போயின. ஆறில் ஒரு பங்கினருக்கே உரிமை கிடைத்தது. 1964ஆம் ஆண்டின் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் மீதிப்பேரில் பெரும்பாலோரை இலங்கைக்கும் இந்தியாவுக்கும் பங்கு பிரித்தது.

பிறகு 2003ஆம் ஆண்டின் சட்டம், 1964 ஒக்டோபர் 30 முதல் நாட்டில் வாழ்ந்து வந்த நாடற்றோருக்கும் அவர்கள் வழிவந்தோருக்கும் குடியுரிமை வழங்கியது. நாடு அதனால் ஒன்றும் கெட்டுப்போகவில்லை. அரை நூற்றாண்டாகக் கேட்ட அத்தாட்சிகள் எதைக் காப்பாற்றின என்று இன்றும் எவரும் சொன்னதில்லை.

கொழும்பை மட்டும் குறை சொல்லி முடித்துவிடவும் முடியாது. வன்னிக்கு வந்தவர்களைத் தமிழர்களே எப்படி ஏற்றார்கள்? வயலுக்கும் களைபிடுங்கவும் ஆள் வேண்டியபோது உறவு. காணி, சம்பந்தம், கோயில் நிருவாகம் என்று வந்தபோது "அவை தோட்டத்து ஆக்கள்". இந்தத் தேர்வுக்குப் பாடப்புத்தகமும் கிடையாது, தேர்ச்சிப் புள்ளியும் கிடையாது. லண்டனில் தம் பிள்ளைக்கு அந்நாட்டவர் சம மதிப்புத் தர வேண்டும் என்று கேட்கும் அதே குடும்பம், ஊரில் இப்படிப் பேசுவதைச் சாதாரணமாகக் கேட்கலாம்.

வன்னியின் நீர்ப்பாசனக் காணிகள் முந்தி வந்தவர்களுக்குப் போய்விட்டன. பிந்தி வந்தவர்களில் பலர் அனுமதிப்பத்திரம் இல்லாத மேட்டுநிலத்தில் கொட்டில் போட்டார்கள். 2009ஆம் ஆண்டுப் போரின் இடப்பெயர்வில் இருந்த துண்டுக் கடதாசிகளும் பலரிடம் தொலைந்தன. காணிக் கச்சேரி கூடும்போது அவர்களிடம் மறுபடியும் அத்தாட்சிதான் கேட்கப்படுகிறது. அந்த இடத்தில் "இவர் இத்தனை வருடம் இங்கே இருக்கிறார்" என்று சொல்லக்கூடியவர் அயல் வீட்டுக்காரர்தான். குடியேற்றவாசிக்கு அவர் செய்யக்கூடிய முதல் உதவியும் அதுவே.