எதைத் திருத்துவது, எதை விடுவது

திருகோணமலையில் இரும்புக்கு ஆயுள் குறைவு. ஒரு பக்கம் உட்துறைமுகம், மறுபக்கம் டச்சு வளைகுடா. எந்தத் திசையிலிருந்து காற்று வந்தாலும் உப்போடுதான் வரும். யன்னல் பிணைச்சலே தப்பாத ஊரில் ஒரு மின்கிற்றார் ஐம்பது வருடம் கிடந்தால் என்ன மிஞ்சும்? பிரிட்ஜிலுள்ள சின்னத் திருகாணிகள் இறுகிவிடும். நிக்கல் பூச்சு கொப்பளிக்கும். வொலியூம் குமிழைத் திருப்பினால் கரகரவென்று இரையும்.

என் மாமாவின் கிற்றார் அப்படித்தான் என் மேசைக்கு வந்தது. 1960களில் டீஸ்கோ, குயாடோன் போன்ற ஜப்பான் கம்பனிகள் மலிவாகச் செய்து அனுப்பிய வகையில் ஒன்று. எப்படிக் கிடைத்தது என்று கேட்டால், "கப்பல்ல வந்தது" என்பார். துறைமுக ஊரில் அதற்கு மேல் யாரும் துருவுவதில்லை. கல்யாண வீடுகளில் பைலா வாசித்தவர். தாளத்தைப் பாலையூற்றுப் பறங்கியரின் வீட்டு விசேஷங்களில் பார்த்துப் பிடித்துக்கொண்டவர். அவருடைய வலது முழங்கை உரசிய விளிம்பில் பெயின்ற் போய் மரம் தெரிகிறது. முதல் மூன்று பிறெற்றுகளில் ஆழமான குழிகள். பதினைந்தாவது பிறெற்றோ புத்தம் புதிது. வாழ்நாள் முழுவதும் கோட்ஸ் பிடித்தவர், லீட் பக்கம் போகவேயில்லை என்பதை யாரும் சொல்லாமலே படித்துவிடலாம்.

மச்சாள் கேட்டது ஒன்றுதான்: "புதுசு மாதிரி பெயின்ற் அடிச்சுத் தாங்க மச்சான்."

பழைய அமெரிக்கக் கிற்றார்களைச் சேர்ப்பவர்கள் இதைக் கேட்டால் பதறுவார்கள். அக்காலத்து நைட்ரோசெல்லுலோஸ் வார்னிஷ் மஞ்சளேறி, மயிரிழையாய் வெடித்து முதுமை காட்டும். அதைச் சுரண்டி மறுபடி பூசினால் விலை சரிந்துவிடும். பழைய தோற்றத்துக்கு இருக்கும் கிராக்கியைப் பார்த்து, ஃபெண்டர் கம்பனி 1995இல் புதுக் கிற்றாரையே தேய்த்துப் பழசாக்கி விற்கத் தொடங்கியது. எங்கள் ஊர்க் காற்றை டப்பாவில் அடைத்து அனுப்பியிருக்கலாம்! மாமாவின் கிற்றாருக்கு அந்தச் சந்தையில் மதிப்பில்லை. ஆகவே விலையைக் காட்டி மச்சாளை மறிக்க என்னால் முடியாது.

அயர்லாந்தின் கிற்றார் கலைஞர் றோரி கலஹர் 1961ஆம் ஆண்டு ஸ்ட்ரற்றோகாஸ்டர் ஒன்றை 1963இல் பழையதாக வாங்கி, சாகும்வரை வாசித்தார். அதன் பெயின்ற்றில் பெரும்பகுதி வியர்வையில் போய்விட்டது. வாசிக்கத் தடையானவற்றை மாற்றிக்கொண்டே இருந்தாராம், பெயின்ற்றை விட்டுவிட்டார். 2024இல் அதை லண்டன் ஏலத்தில் வாங்கியவர்கள் அயர்லாந்து தேசிய நூதனசாலைக்குக் கொடுத்தார்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் போனது எனக்கு அவ்வளவு உவப்பில்லை. ஆனால் அவர் திருத்திய முறை சரியென்று படுகிறது.

நானும் ஒரு வழக்கம் வைத்திருந்தேன். கை செய்ததை விடு, உப்பு செய்ததை நிறுத்து. துருவை எண்ணெயில் ஊறவைத்து எடுக்கலாம், வொலியூமுக்குள் மருந்தடித்துக் கரகரப்பைப் போக்கலாம். தேய்ந்த பிறெற்றில் கம்பி அதிர்ந்து இரையும். அது கையின் வேலைதான் என்றாலும் மாற்றத்தான் வேண்டும். வாசிக்க முடியாத கிற்றாரில் அடுத்த கை எங்கே படப்போகிறது?

பின்பக்கத் தகட்டைக் கழற்றியதும் அந்த வழக்கம் உதவாமல் போயிற்று. உள்ளே றேடியோவிலிருந்து பிடுங்கிய ஒரு ஜாக், தடித்த ஈயப் பற்று, அளவுக்குப் பொருந்தச் சுரண்டிய மரம். 1970க்கும் 1977க்கும் இடையில், இறக்குமதி இறுகியிருந்த காலத்தில், மாமா செய்த வேலை. அது தேய்மானமும் அல்ல, துருவும் அல்ல. இல்லாமை போட்ட தையல்.

எங்கள் ஊர் பிரட்றிக் கோட்டை வாசலைக் கடக்கும்போதும் எதைத் திருத்துவது, எதை விடுவது என்ற இதே கேள்வி எழும். பதினேழாம் நூற்றாண்டில் போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலை இடித்து, அந்தக் கற்களைக் கோட்டைக்குப் பயன்படுத்தினார்கள். அவற்றில் மீன் பொறித்த கல் ஒன்று இன்றும் வாசலில் நிற்கிறது. 1950இல் நிலத்தைத் தோண்டியபோது பழைய விக்கிரகங்கள் கிடைத்தன. 1956இல் எழுத்தாளர் ஆதர் சி. கிளார்க்கும் அவரோடு சுழியோடிய மைக் வில்சனும் கடலடியில் கோயிலின் இடிபாடுகளைக் கண்டார்கள். 1963இல் மீண்டும் கட்டிய கோயிலுக்குக் கும்பாபிஷேகம் நடந்தது. கோட்டைக் கற்களைப் பெயர்த்தெடுத்துக் கோயில் மலைக்குக் கொண்டுபோயிருந்தால் நியாயம் கிடைத்திருக்குமா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. பறித்த கல் என்று காட்ட அது அங்கே இருந்தாக வேண்டும். கோயில் தன் இடத்தில் புதிதாய் எழுந்ததும் நல்லதுதான்.

மாமாவின் ஜாக்கை விட்டுவிட்டேன். பிடி தளர்ந்திருந்த பற்றை மட்டும் புதிதாக வைத்தேன், மற்றவற்றில் கை வைக்கவில்லை. பெயின்ற் அடிக்கவில்லை. பிறெற்றுகளை மாற்றி, கழற்றிய பழையவற்றை ஒரு பையிலிட்டுப் பெட்டிக்குள் வைத்தேன்.

மச்சாள் பையைத் தூக்கிப் பார்த்தாள். "இதுக்கும் சேர்த்தா காசு?"