கல்லாவில் இருக்கும் பாஸ்போர்ட்

 

622இல் நடந்த ஹிஜ்ரத்துக்குப் பின், மக்காவிலிருந்து வந்த முஹாஜிர்களையும் மதீனாவாசிகளான அன்ஸாரிகளையும் நாயகம் (ஸல்) அவர்கள் சகோதரர்களாகப் பிணைத்து வைத்தார்கள். அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்களுக்கு வாய்த்தவர் ஸஃது இப்னு ரபீஃ (ரலி). தம் சொத்தில் சரிபாதியைத் தர முன்வந்தார் அவர். வந்தவரோ, அவருக்காக துஆச் செய்துவிட்டுக் கடைத்தெருவுக்கு வழி கேட்டார். கைனுக்கா சந்தையில் நெய்யும் உலர்தயிர்க் கட்டியும் விற்று முன்னுக்கு வந்தார். வியாபாரிகளான நமக்கு மிகவும் பிடித்த சரித்திரம் இது. இதைச் சொல்லும்போதெல்லாம் நம்மை அப்துர் ரஹ்மான் (ரலி) அவர்களின் பக்கமே வைத்துப் பார்ப்பது நம் வழக்கம்.

அதில் பிழையில்லை. நம் வாப்பாமாரும் பாட்டனார்களும் நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பலேறி, டெக்கில் பாய் விரித்துப் படுத்து, சிங்கப்பூரில் இறங்கி, 1924இல் திறந்த பாலத்தைக் கடந்து ஜொகூர் பாருவுக்கு வந்த சபராளிகள்தாமே! 1953இல் புதிய குடிநுழைவுச் சட்டம் நடப்புக்கு வந்து வாசல் குறுகிற்று. 1968இல் பிரஜையல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் வேண்டும் என்று சட்டம் வந்தபின், இங்கேயே தாடி நரைத்த எத்தனையோ பேர் மூட்டை கட்டிக்கொண்டு ஊர் திரும்பினார்கள். ஒரு துண்டுக் காகிதம் மனிதனை என்ன பாடு படுத்தும் என்பதை நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

ஆனால் இன்று நாம் நிற்பது ஸஃது (ரலி) அவர்களின் இடத்தில். ராமநாதபுரத்திலிருந்தும் கடையநல்லூரிலிருந்தும் வந்த பையன் நம் கடையில் ரொட்டி போடுகிறான், தேத்தண்ணீர் ஆற்றுகிறான். அவன் பாஸ்போர்ட் எங்கே? சில கடைகளில் அது கல்லாப்பெட்டியில் கிடக்கிறது. பத்திரத்துக்காக என்கிறார் முதலாளி. பையன் ஓடிவிடுவான் என்ற பயந்தான் மெய்யான காரணம்.

அமானத் என்பது ஒருவன் மனமுவந்து ஒப்படைப்பது, கேட்டதும் திரும்பக் கிடைப்பது. கேட்கவே அவன் அஞ்சும்படி வைத்திருப்பதை அமானத் என்று சொல்லலாகாது. நாட்டுச் சட்டமும் இதை அனுமதிக்கவில்லை. பிறர் பாஸ்போர்ட்டை அதிகாரமின்றி வைத்திருந்தால் 10,000 வெள்ளி வரை அபராதம், அல்லது 5 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும் என்கிறது 1966ஆம் ஆண்டின் பாஸ்போர்ட் சட்டம்.

"லெவி கட்டியவன் நான்; அவன் வேறு கடைக்குப் போய்விட்டால் நஷ்டம் யாருக்கு?" என்று கேட்கிறார்கள். நியாயமான கவலைதான். லெவி முதலாளியின் பொறுப்பு என்பது 2018 முதல் விதியாயிற்று. சிறு கடைக்காரருக்கு அது பாரமே. ஆனாலும் அந்தக் கடனுக்கு ஒரு மனிதனை ஈடாக வைக்க முடியுமா? கூலியைத் தாமதிக்காமல் கொடுக்கும்படி நாயகம் (ஸல்) அவர்கள் கட்டளையிட்டிருக்கிறார்கள். சம்பளப் பாக்கி வைக்காத கடையை விட்டு ஓடினவனை நாம் அதிகம் கண்டதில்லை.

தங்கும் அறையில் திருட்டுப் போகும் என்று பையனே பயந்தால், பூட்டுள்ள சிறு பெட்டி ஒன்று வாங்கிக் கொடுங்கள். சாவி அவனிடமே இருக்கட்டும். வரும் ஜும்ஆவுக்குக் கடை சாத்துமுன், கல்லாவைத் திறந்து அவரவர் பாஸ்போர்ட்டை அவரவர் கையில் கொடுத்துவிட்டுப் பள்ளிவாசலுக்கு வருமாறு வேண்டிக்கொள்ளுகிறோம்.