ஆவாரம்பட்டையும் மாட்டுத்தோலும்

சேலையூர்ப் பக்கம் வாடகைக்கு வீடு பார்த்தபோது நடந்தது இது. முன்பணம், தண்ணீர், கரண்ட் எல்லாம் பேசி முடித்தாகிவிட்டது. சாவியைக் கையில் வைத்துக்கொண்டே வீட்டுக்காரர் கேட்டார்: "நீங்க சைவம்தானே சார்?" இல்லை என்றேன். "தப்பா எடுத்துக்காதீங்க. வீட்டுல வயசானவங்க இருக்காங்க, அந்த வாடை ஒத்துக்காது." சாவி சட்டைப்பைக்குள் போய்விட்டது. என் சாதி என்ன என்று அவர் கடைசிவரை கேட்கவே இல்லை. கிழக்குத் தாம்பரத்திலிருந்து மேடவாக்கம் வரை வீடு தேடி அலைந்த நம் ஆட்களுக்கு இந்தக் கேள்வி பழகிப்போன ஒன்று. செடியைத் தின்கிறாயா, விலங்கைத் தின்கிறாயா என்று கேட்பதுபோல இருக்கும். கேட்பது அதுவல்ல என்று கேட்பவருக்கும் தெரியும், நமக்கும் தெரியும்.

ஆனாலும் அந்தக் கேள்வியை அதன் நேர்ப்பொருளிலேயே எடுத்துக்கொண்டு பார்த்தால் என்ன என்று தோன்றியது. செடிக்கும் விலங்குக்கும் அப்படி என்னதான் வித்தியாசம்? பள்ளிக்கூடத்தில் தாவரவியல் ஒரு புத்தகம், விலங்கியல் ஒரு புத்தகம். இரண்டையும் மனப்பாடம் செய்துதான் மேலே வந்தோம். செடி தன் சோற்றைத் தானே பொங்கிக்கொள்கிறது. வெயிலும் தண்ணீரும் காற்றிலுள்ள கரியமில வாயுவும் போதும். விலங்கால் அது ஆகாது, இன்னொரு உயிரைத் தின்றுதான் ஆகவேண்டும். தேடிப்போகக் கால் வேண்டும், கண் வேண்டும், அதையெல்லாம் ஓட்ட நரம்பு வேண்டும். செடி நின்ற இடத்திலேயே நிற்கிறது. நிற்பதால் அதற்கு ஒரு சிக்கல்: தின்ன வருகிறவனிடமிருந்து ஓட முடியாது. அதனால் முள் வைத்துக்கொள்கிறது, பால் கசியவிடுகிறது, துவர்ப்பைச் சேர்த்துவைக்கிறது. கடுக்காயைக் கடித்தால் வாயை இழுத்துப் பிடிக்கிறதே, அது அந்தத் துவர்ப்பின் வேலை. டேனின் என்பார்கள். நம் எச்சிலில் இருக்கும் புரதத்தைப் பிடித்துக் கட்டிவிடுகிறது. ஓட முடியாத உயிர் வைத்திருக்கும் ஆயுதம் அது.

இதைப் புத்தகத்தில் படிப்பதற்கு முன்பே என் அப்பாவின் கையில் நான் பார்த்துவிட்டேன். அப்பா குரோம்பேட்டையில் ஒரு தோல்ஷாப்பில் வேலை செய்தவர். குரோம்பேட்டை என்ற ஊர்ப்பெயரே குரோம் லெதர் கம்பெனியால் வந்தது. அந்தப் பெயரில் ரயில் நிலையம் உண்டு, நகைக்கடை உண்டு, ஜவுளிக்கடை உண்டு. தினம் லட்சம் பேர் அந்தப் பெயரைச் சொல்லி டிக்கெட் எடுக்கிறார்கள். அது தோலின் பெயர் என்று நினைத்துச் சொல்கிறவர் எத்தனை பேர்?

அப்பா தொழில் கற்றது பட்டைக் குழியில். உப்பு போட்டு வந்த பச்சைத் தோலைத் தண்ணீரில் ஊறப்போட்டு, சுண்ணாம்புக் குழியில் இறக்கி, முடியை எடுத்து, உள்பக்கம் ஒட்டியிருக்கும் சதையைச் சீவி, பிறகு பட்டைத் தண்ணீரில் போடவேண்டும். அந்தப் பட்டை ஆவாரம்பட்டை. கூடவே கடுக்காய். வாரக்கணக்கில் மாற்றி மாற்றி ஊறவேண்டும். "பட்டைத் தண்ணி தோலுக்குள்ள எறங்கணும்டா. எறங்கிட்டா அப்புறம் அது அழுவாது. செத்த மாடு நூறு வருஷம் இருக்கும்" என்பார். வாயில் துவர்க்கிற அதே வேலைதான் குழிக்குள்ளும் நடக்கிறது. எச்சிலின் புரதத்தைக் கட்டிய டேனின் தோலின் புரதத்தைக் கட்டுகிறது. மாடு மேயவராமல் இருக்கச் செடி சேர்த்துவைத்த ஒன்று, மாட்டின் தோலைச் செருப்பாகவும் பையாகவும் நிற்கவைக்கிறது. இந்த இரண்டையும் ஒன்றோடொன்று பேசவைக்கத் தெரிந்தவர்கள் எங்கள் சேரி ஆட்கள். இதற்கு யாரும் அறிவியல் என்று பெயர் வைக்கவில்லை. 1948இல் அடையாறில் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் வந்த பிறகு அது அறிவியல் ஆயிற்று.

ஆவாரம்பூவை எல்லோரும் தொடுகிறார்கள். பொங்கலுக்குக் காப்புக் கட்டுகிறார்கள், டீ போட்டுக் குடிக்கிறார்கள், சர்க்கரைக்கு நல்லது என்கிறார்கள். அதே செடியின் பட்டையை ஊறவைத்தவனின் கை மட்டும் தீட்டு.

செடியையும் விலங்கையும் தமிழில் வகைப்படுத்தியதற்குச் சான்றாகத் தொல்காப்பியத்தின் மரபியலைக் காட்டுவார்கள். நல்ல இயல்தான், நான் மறுக்கவில்லை. புல்லுக்கும் மரத்துக்கும் ஓரறிவு, எறும்புக்கு மூன்று, நண்டுக்கு நான்கு என்று புலன்களை எண்ணிக்கொண்டு போகிறது. வெளியில் வைரம் இருந்தால் புல், உள்ளே வைரம் இருந்தால் மரம் என்கிறது. அந்தக் கணக்கில் பனை ஒரு புல். இன்றைய தாவரவியலும் பனையைப் புல்லுக்குப் பக்கத்தில்தான் வைக்கிறது. தாம்பரம் ஏரிக்கரைகளில் மிச்சமிருக்கும் பனைகளைப் பார்க்கும்போது இந்த நினைப்பு வந்து சிரித்துக்கொள்வேன், இத்தனை பெரிய புல்லா என்று. விலங்குக் குட்டிக்குரிய பெயர்களைச் செடிக்கும் சொல்லலாம் என்கிறது அந்த இயல். வாழைக்கன்று, தென்னம்பிள்ளை என்று நம் ஆயாக்கள் சொல்வது அப்படித்தான். மொழிக்குள் செடியும் விலங்கும் இவ்வளவு நெருக்கம்.

ஆனால் ஐந்தறிவு என்று வரும் இடத்தில் விலங்கோடு 'மாக்கள்' என்றும் ஒரு கூட்டம் சேர்க்கப்படுகிறது. மனிதராய்ப் பிறந்தும் பகுத்தறியும் மனம் இல்லாதவர் என்று அதற்கு உரை சொன்னார்கள். யார் அவர்கள்? அதே மரபியலில் கொஞ்சம் தள்ளி அந்தணர், அரசர், வணிகர், வேளாளர் என்று நால்வருக்கும் உரியவை எவை என்ற பட்டியல் வருகிறது. அது இடைச்செருகல் என்று வாதிடும் அறிஞர்கள் உண்டு. இருக்கட்டும். செருகியவனுக்கு இடம் சரியாகத் தெரிந்திருக்கிறது என்பதுதான் என் கவலை. உயிர்களை வரிசைப்படுத்திய கையோடு மனிதர்களையும் வரிசைப்படுத்துவது எவ்வளவு சுலபமாக நடக்கிறது! அந்த நாலில் தோலை ஊறவைத்தவன் இல்லை.

சரி, சைவம் என்பது செடிக்கும் விலங்குக்கும் நடுவே போட்ட கோடு என்றால் அது அங்கேயே நிற்கவேண்டும். நிற்கிறதா? பால் மாட்டின் உடம்பிலிருந்து வருவது. தயிர், நெய் எல்லாம் அப்படியே. பட்டுப்புடவைக்குக் கூட்டுக்குள் புழுவோடு கொதிக்கவைக்கிறார்கள், கட்டிக்கொண்டு கோயிலுக்குப் போகிறார்கள். மிருதங்கத்தைப் பாருங்கள். பலாக்கட்டையில் மாட்டுத்தோலும் ஆட்டுத்தோலும் போர்த்தி, எருமைத்தோல் வாரால் இழுத்துக் கட்டியது. செடியும் விலங்கும் அதைவிடப் பொருந்திய பொருள் வேறு இல்லை. சபாவில் அதை மடியில் வைத்து வாசிக்கிறார்கள். அதைச் செய்தவர்களில் பலர் தலித் கிறித்தவர்கள். அவர்களைப் பற்றி டி.எம். கிருஷ்ணா 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' என்று ஒரு புத்தகம் எழுதினார். 2020இல் அதன் வெளியீட்டுக்குத் தந்திருந்த அனுமதியைத் திருவான்மியூர் கலாக்ஷேத்ரா திரும்பப் பெற்றது. விழா தரமணியில் ஆசியன் இதழியல் கல்லூரியில் நடந்தது. மிருதங்கத்துக்கு அரங்கம் உண்டு, மாட்டுத்தோல் என்று உரக்கச் சொல்லத்தான் இடம் இல்லை.

ஆகவே கோடு செடிக்கும் விலங்குக்கும் நடுவில் இல்லை. பொருளின் மேல் கூட இல்லை. எந்தக் கை தொட்டது என்பதைப் பார்த்து அது இடம் மாறுகிறது. 2018 டிசம்பரில் சென்னை ஐ.ஐ.டி. உணவகம் ஒன்றில் சைவர்களுக்கு ஒரு வாசல், அசைவர்களுக்கு ஒரு வாசல், கைகழுவத் தனித்தனி இடம் என்று எழுதி ஒட்டியிருந்தார்கள். மாணவர்கள் எதிர்த்தபிறகு அந்தத் தாள்கள் நீக்கப்பட்டன. கைகழுவும் குழாயில் செடி ஏது, விலங்கு ஏது?

இங்கே ஒன்றை நேர்மையாகச் சொல்லவேண்டும். விலங்குக்கு வலிக்கிறது. ஜகதீஸ் சந்திர போஸ் செடிகளும் தூண்டலுக்கு அசைகின்றன என்று கருவி வைத்துக் காட்டினார், உண்மைதான். ஆனால் வலியை உணர்வதற்கான நரம்பமைப்பு செடியிடம் இல்லை. கீரையைக் கிள்ளுவதும் கோழியை அறுப்பதும் ஒன்றுதான் என்று மேடையில் நம் தோழர்கள் சொல்லும்போது கைதட்டல் விழுகிறது, எனக்கு ஒப்பவில்லை. அறுப்பைப் பார்க்கமுடியாமல் கறியை விட்டவரை நான் மதிக்கிறேன். வள்ளலார் புலாலை மறுத்தார், வாடிய பயிரைக் கண்டும் வாடினார், சாதியையும் வேண்டாம் என்றார். அந்த மூன்றையும் ஒன்றாகப் பிடித்துக்கொண்டு ஒரு வீட்டுக்காரர் வந்திருந்தால் நான் கறியை வெளியிலேயே தின்றுவிட்டு வர ஒப்புக்கொண்டிருப்பேன். ஆட்டுக்காக இரங்குகிற மனம் ஆட்டை உரிப்பவனைக் கண்டால் ஏன் முகத்தைத் திருப்பிக்கொள்கிறது?

எங்களுக்குள்ளும் இதில் சண்டை உண்டு. 1927இல் மகாடில் அம்பேத்கர் செத்த மாட்டின் கறியை விடுங்கள் என்றார். 1948இல் தீண்டப்படாதோர் பற்றிய நூலில், தீண்டாமையின் வேரையே மாட்டுக்கறியில் தேடினார். விடு என்பது ஒரு வழி. பறையைக் கீழே போடாதே, நிமிர்ந்து அடி என்பது இன்னொரு வழி. நான் கல்லூரியில் படித்த நாட்களில் முதல் கட்சி. அப்பாவிடம் அந்த வேலையை விட்டுவிடச் சொன்னேன். "விட்டுட்டு? அவன் சொன்னதுக்கா விடணும்? கூலி பத்தலன்னா விடுறேன்" என்றார். எனக்குப் பதில் வரவில்லை. 2016இல் குஜராத்தின் ஊனாவில் செத்த மாட்டின் தோலை உரித்தவர்களைக் கட்டிவைத்து அடித்தார்கள். விடாதவனுக்கு அடி. விட்டவனுக்கு வீடு கிடைத்ததா என்றால் அதுவும் இல்லை.

அப்பாவின் காலத்திலேயே பட்டைக் குழிகள் குறைந்து குரோமியம் உப்பு வந்துவிட்டது. செடியும் இல்லை, விலங்கும் இல்லை, உலோகம். வாரங்கள் எடுத்த வேலை ஒரு நாளில் முடிந்தது. கழிவுநீர் மண்ணுக்குள் போனது. 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம், வேலூர் குடிமக்கள் நல மன்றம் போட்ட வழக்கில், எங்கள் செங்கை மாவட்டம் உட்பட ஐந்து மாவட்டத் தோல் தொழிற்சாலைகளுக்குப் பத்தாயிரம் ரூபாய் அபராதம் விதித்து, சுத்திகரிப்பு வைக்காதவற்றை மூடச் சொன்னது. நல்ல தீர்ப்பு. ஆற்றுக்காகப் பேசியது, ஏரிக்காகப் பேசியது, பயிருக்காகப் பேசியது. வருடக்கணக்கில் அந்தத் தண்ணீருக்குள் நின்ற கால்களைப் பற்றி அன்று எங்கள் தெருவில் பேச வந்தவர் யாரும் இல்லை. அப்பாவின் கணுக்காலில் தோல் இன்றும் வெடித்துதான் இருக்கிறது.

போன பொங்கலுக்கு முந்தின நாள் அவரைத் தாம்பரம் மார்க்கெட்டுக்குக் கூட்டிப்போனேன். ஆவாரம்பூ, பூளைப்பூ, வேப்பிலை சேர்த்துக் கட்டுக்கட்டாக வைத்திருந்தார்கள். அப்பா ஒரு கட்டை எடுத்து, பூவை விட்டுவிட்டு, காம்பை நகத்தால் கீறி நாக்கில் வைத்துப் பார்த்தார்.

"எளசு. பட்டை எறங்காது" என்று சொல்லிவிட்டுத் திரும்ப வைத்தார். கடைக்கார அம்மா அந்தக் கட்டைத் தனியாக எடுத்துக் கீழே போட்டது. நான் பேச வாயெடுப்பதற்குள் அப்பா இருபது ரூபாயை நீட்டி, "அதையே குடும்மா" என்றார்.