நிம்மதி யார் கணக்கில்?

கடை வைத்திருக்கும் நம்மவர் இருவர் சந்தித்தால் முதற்கேள்வி, "வியாபாரம் எப்படி?" என்பதுதான். "ஏதோ ஓடுகிறது" என்பது பதில். வியாபாரம் ஓடுகிறதோ இல்லையோ, நாம் ஓடிக்கொண்டிருக்கிறோம் என்பதில் சந்தேகமில்லை. சுபுஹுத் தொழுத கையோடு சரக்கு லாரியைப் பார்க்கப் போகிறோம். இஷாவுக்குப் பிறகும் கல்லாப்பெட்டியை விட்டு எழுந்திருக்க மனம் வருவதில்லை. போதாதற்குக் கைப்பேசி ஒன்று வந்து, பாக்கிக்காரர்களைப் படுக்கை வரைக்கும் அழைத்து வந்துவிட்டது.

முன்காலத்துப் பெரியவர்கள் நிதானமாக வாழ்ந்தார்கள் என்று சிலர் சொல்வதுண்டு. நமக்கு அதில் அவ்வளவு நம்பிக்கையில்லை. நம் அத்தா இதே பினாங்கு சூலியா தெருவில் காலை ஆறு மணிக்குக் கடைப்பலகையை எடுத்தால் இரவு பத்துக்குத்தான் திரும்ப மாட்டுவார்கள். ஊருக்குப் போகும் கப்பலில் மட்டுமே ஓய்வாக உட்கார்ந்ததாகச் சொல்வார்கள். ஆகவே இது இன்று வந்த நோயல்ல.

நிற்க. சில மாதங்களுக்கு முன் ஒரு நாள், கடையின் பின்கட்டில் வெங்காய மூட்டைகளுக்கு இடையே முஸல்லாவை விரித்து அஸர் தொழுதோம். ருகூவில் குனிந்திருக்கும்போது, இரண்டு நாளாகத் தேடிய பருப்புப் பில் எந்த டப்பாவுக்குள் இருக்கிறது என்பது பளிச்சென்று ஞாபகம் வந்தது. ஸலாம் கொடுத்த பிறகு, தொழுதது மூன்று ரக்அத்தா நான்கா என்று தெரியவில்லை. பில் கிடைத்தது. தொழுகையை மறுபடி தொழ வேண்டியதாயிற்று.

அன்று மதரஸாவில் உஸ்தாத் சொல்லிக்கொடுத்த ஒரு சம்பவம் நினைவுக்கு வந்தது. பள்ளிவாசலில் ஒருவர் அவசரம் அவசரமாகத் தொழுதுவிட்டு வந்து ஸலாம் சொன்னார். நீர் தொழவில்லை, திரும்பப் போய்த் தொழும் என்று நபி (ஸல்) அவர்கள் அனுப்பினார்கள். இப்படி மூன்று முறை. பிறகுதான், குனிந்தால் குனிந்த நிலையில் உடல் அமரவேண்டும், நிமிர்ந்தால் நிமிர்ந்த நிலையில் அமரவேண்டும் என்று கற்றுக்கொடுத்தார்கள். அந்த அமர்வுக்குத் துமானீனத் என்று பெயர். ஷாபிஈ மத்ஹபில் அது தொழுகையின் பர்ளுகளில் ஒன்று. சிறு வயதில் இதை மனப்பாடம் செய்தோம். நாற்பது தாண்டியும் நமக்கு அது கைவரவில்லை.

வாடகை கட்டவேண்டும், வங்கிக்குக் கட்டவேண்டும், நிதானம் வசதியுள்ளவர்களுக்கல்லவா என்று கேட்கலாம். நாமும் கேட்டவர்கள்தாம். ஆனால் மார்க்கம் நம்மைக் கடையை விட்டுவிட்டுக் காட்டுக்குப் போகச் சொல்லவில்லையே. ஜும்ஆ அத்தியாயத்தில் பாங்கு கேட்டதும் வியாபாரத்தை விடச் சொன்ன இடத்திலேயே, தொழுகை முடிந்ததும் கலைந்துபோய் இரணத்தைத் தேடவும் சொல்லப்பட்டிருக்கிறது. அதே அத்தியாயத்தின் கடைசி வசனம் வியாபாரிகளாகிய நமக்கென்றே வந்ததுபோல் இருக்கும். நபியவர்கள் குத்பாவில் நின்றுகொண்டிருக்கையில், உணவுப் பொருள் ஏற்றிய ஒட்டகக் கூட்டம் மதீனாவுக்குள் நுழைந்தது. எழுந்து போனவர்கள் போக, மிஞ்சியவர்கள் 12 பேர். ஸஹாபாக்களின் காலத்திலேயே சரக்கின் சத்தம் அப்படி இழுத்திருக்கிறதென்றால், நாம் எம்மாத்திரம்!

ஆக, ஒரு தீர்மானம் செய்தோம். லுஹருக்குக் கைப்பேசியைக் கல்லாவில் வைத்துவிட்டு, 1801-ல் எழுந்த நம் கப்பித்தான் பள்ளிக்கு நடந்தே போவது, ஜமாஅத் முடிந்து சிறிது நேரம் தூணோரம் சும்மா உட்கார்ந்திருப்பது, பிறகு திரும்புவது. ஒரு மாதத்தில் நல்ல மாறுதல் தெரிந்தது. கோபம் குறைந்தது. கணக்கில் பிழை குறைந்தது. வீட்டிலும் அதைச் சொன்னார்கள்.

ஒரு நாள் வழக்கத்தைவிடச் சற்று முந்தியே திரும்பினோம். கடைத்தம்பி தராசுக்குப் பின்னால் நின்றபடி, இடது கையால் சில்லறை கொடுத்துக்கொண்டே சோற்றுப் பொட்டலத்தைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"உட்கார்ந்து சாப்பிடக்கூடாதா தம்பி?" என்றோம்.

"நீங்க பள்ளிக்குப் போயிட்டா நான் ஒருத்தன்தானே முதலாளி. அவனும் சரக்குப் போடப் போயிடுறான்" என்றார்.

குறையாகச் சொல்லவில்லை, கேட்டதற்குச் சொன்னார். லுஹரை எப்போது தொழுகிறார் என்று விசாரித்தோம். அஸருக்குக் கொஞ்சம் முன்னால், பின்கட்டில், அதே வெங்காய மூட்டைகளுக்கு இடையே, இரண்டு மூன்று நிமிஷத்தில் முடித்துக்கொள்கிறாராம்.

சகோதரர்களே, நம்மிடமிருந்த அவசரம் எங்கே போயிற்று என்று அப்போதுதான் தெரிந்தது. அது ஒழிந்துவிடவில்லை, நம் கணக்கிலிருந்து தம்பியின் கணக்குக்கு மாறியிருந்தது. தொடர்ந்து ஐந்து மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கினால் இடையில் அரை மணியாவது ஓய்வு கொடுக்கவேண்டும் என்பது இந்நாட்டுச் சட்டம். வார வேலை நேரத்தையும் 2023 ஜனவரி 1 முதல் 48 மணியிலிருந்து 45 ஆகக் குறைத்துவிட்டார்கள். மற்றவர்கள் கடையைப் பற்றி நாம் பேசவில்லை. நம் கடையில் அது நடக்கவில்லை.

"சம்பளம் கொடுக்கிறோமே, அதற்குத்தானே ஆள்?" என்றார் நண்பர் ஒருவர். சம்பளம் வேலைக்குத்தான். அவர் சோற்றையும் தொழுகையையும் நாம் விலைக்கு வாங்கவில்லை. இருந்தாலும் நம்மை உறுத்தியது அது மட்டுமல்ல. பள்ளித் தூணோரம் உட்கார்ந்திருந்தபோது நமக்கிருந்த நிம்மதி பொய்யல்ல, மெய்யாகவே இருந்தது. இன்னொருவரின் அரை மணி அதில் சேர்ந்திருப்பதை அந்த நிம்மதி நமக்குச் சொல்லவேயில்லை. மனம் அமைதியாயிருக்கிறது, ஆகவே நம் காரியம் சரியாயிருக்கிறது என்று அதுவரை நம்பிக்கொண்டிருந்தோம்.

இப்போது லுஹர் வேளையில் அரை மணி நேரம் கடையைச் சாத்திவிடுகிறோம். நஷ்டமில்லை என்று சொன்னால் பொய். வாரந்தோறும் மூட்டைக் கணக்கில் வாங்கும் சாப்பாட்டுக் கடைக்காரர் ஒருவர் இரண்டு முறை பூட்டைப் பார்த்துவிட்டு வேறு கடைக்குப் போனார், இன்னும் திரும்பவில்லை. தம்பி சில நாள் நம்மோடு பள்ளிக்கு வருகிறார், சில நாள் கடைக்குள்ளேயே தொழுகிறார். முதல் வாரம் உட்கார்ந்து சாப்பிட்டாலும் கண் கதவிலேயே இருந்தது. இப்போது அப்படியில்லை. சரக்குப் போடப் போகும் பையனுக்குத்தான் இன்னும் வழி செய்தபாடில்லை. அவனுக்கு உச்சி வேளையில்தான் ஆர்டர்கள் அதிகம்.